பிலோமினாவின் நாக்கு

வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பிலோமினா கிணற்றடியில் நிற்கிறாள். ஒரு கை இடுப்பில். கண் மூடியிருக்கிறது. கச்சான் காற்று அவளுடைய சீத்தைப் பாவாடையை ஒரு பக்கமாக அள்ளிக்கொண்டு போகப் பார்க்கிறது.

நாங்கள் பதினேழு பேர், பூவாளிகளைப் பிடித்தபடி அவளுடைய கன்னத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். தண்ணீர் இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குப் போகிறது. திரும்பி வருகிறது. எங்களில் பதினான்கு பேருக்கு நோன்பு. காலை ஏழு மணிதான், அதற்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டத் தொடங்கிவிட்டது. அந்த நேரத்தில் இன்னொருத்தியின் வாய்க்குள் தண்ணீர் உருளுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது லேசான காரியமில்லை.

"துப்பித் தொலையேன்," என்றேன் நான்.

அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள். மறுபடியும் மூடிக்கொண்டாள். இன்னும் ஒரு சுற்று. பிறகு இடது தோளுக்கு மேலாக, பின்னால் படர்ந்திருந்த பூசணிக் கொடிக்குள் துப்பிவிட்டுக் கையை உயர்த்தினாள். ஐந்து விரல்.

பூவாளிகள் கலகலத்தன. வேலை தொடங்கியது.

ஐந்து விரல் என்றால் தண்ணீர் நல்லது, எல்லாப் பாத்திக்கும் ஊற்றலாம். இரண்டு விரல் என்றால் நாற்றுக்கு மட்டும். கையைப் பொத்திக் காட்டினால் கிணற்றை மூடிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அன்றைக்கு யாரும் வாளி போடக் கூடாது. இதுதான் எங்கள் தோட்டத்தின் சட்டம். எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் நான் முப்பது வருஷம் படிப்பித்த பள்ளிக்கூடத்தில்கூட ஒரு சட்டம் இவ்வளவு ஒழுங்காக நடந்ததை நான் பார்க்கவில்லை.

போன கிழமை, காலத்துக்கு முந்தி ஓய்வெடுத்துக்கொண்டு நான் பள்ளிக்கூடத்தை விட்டு வந்த கதையை இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். "அதுக்குப் பிறகு என்ன செஞ்சீங்க டீச்சர்?" என்று பழைய மாணவி ஒருத்தி கடைத்தெருவில் நிறுத்திக் கேட்டாள். தண்ணீர் ஊற்றினேன் என்று சொன்னேன். அவள் சிரித்தாள். அவளுக்கு விளங்கவில்லை. அவளுக்காகத்தான் இந்த வாரம்.

மணலுக்கடியில் ஓர் ஆடை

எங்கள் குறிஞ்சிப்பிட்டியில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு, அதுவும் உப்புத் தண்ணீர்தான். நடுவில் இருப்பது மணல். மணலை இரண்டு ஆள் ஆழத்துக்குத் தோண்டினால் தண்ணீர் வந்துவிடும். நல்ல தண்ணீர். வெளியூர்க்காரர் இதைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கென்ன குறை?" என்பார்கள்.

அந்த நல்ல தண்ணீர், பாலின் மேல் படியும் ஆடையைப் போல, உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிசாகக் கிடக்கிறது. வாளியால் மெதுவாக அள்ளினால் ஊறி வரும். மோட்டாரைப் போட்டு இழுத்தால் ஆடை கிழிந்து அடியிலிருப்பது மேலே வந்துவிடும். வந்தால் லேசில் போகாது.

எங்கள் தோட்டக் காணியும் அப்படிப் போன காணிதான். அது பள்ளிவாசலுக்குச் சொந்தமானது. குத்தகைக்கு எடுத்தவர் இரண்டு மோட்டார் வைத்துப் பகலும் இரவும் வெங்காயத்துக்கு இறைத்தார். மூன்றாம் வருஷம் கிணறு உப்பேறிச் சவராகிவிட்டது. அவர் வேறு காணி பார்த்துப் போய்விட்டார். காணியில் எருக்கலை முளைத்தது.

யுத்தம் முடிந்த கையோடு ஒரு வருஷம் மழை பொய்த்தது. எங்களைச் சுற்றி எல்லாம் தோட்டம்தான், ஆனால் காய் எல்லாம் லொறியில் ஏறிக் கொழும்புக்குப் போய்விடும். எங்கள் சட்டிக்கு வருவது லொறிக்காரன் வேண்டாமென்று கழித்துப் போட்ட சொத்தைக் கத்தரி. குடிக்கிற தண்ணீரும் பவுசர் வண்டியில் வந்தது. அந்த வருஷம்தான் நாங்கள் சில பெண்கள் பள்ளிவாசலுக்குப் போய், அந்தக் காணியைத் தாருங்கள், எங்கள் வீட்டுக் காய்கறியை நாங்களே நட்டுக்கொள்கிறோம் என்று கேட்டோம்.

பள்ளிவாசல் இமாமான ஹஸ்ரத் மறுக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் சொன்னார்.

"கெணறு திரும்பவும் சவராகினா காணிய எடுத்துப்போடுவோம் டீச்சர். அதுக்குப் பொறகு மோட்டார் வெச்சிரிக்கிற ஆளுக்குத்தான் குடுக்கிற. என்ட சொல் இல்ல, ஜமாஅத்துட முடிவு."

ஓம் என்றோம். அடுத்த மாரி முழுவதும் கிணற்றை மூடியே வைத்திருந்தோம். மழை மேலேயிருந்து இறங்கி மறுபடியும் ஆடை படிந்தது. அதற்குப் பிறகுதான் முதல் விதை போட்டோம்.

புத்தளத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் விவசாயப் போதனாசிரியை ஒருத்தி வழி காட்டினாள். முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, நனைத்த தேங்காய்ப் பொச்சுமட்டையைக் கவிழ்த்து அடுக்கி, அதற்கு மேல் ஆட்டுப்புழுக்கையும் மணலும் போட்டு நட வேண்டும். ஒரு முறை ஊற்றினால் மட்டை மூன்று நாளைக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். பயித்தை வரிசைகளுக்கு நடுவில் அடியில் துளை போட்ட மண்பானைகளைக் கழுத்து வரை புதைத்தோம். மேல்மண் சுடாமல், வேலியில் நட்ட கிளிசிரியா மரத்தின் இலையை வெட்டிப் பரப்பினோம். வேலிக்கு வேலி, பசளைக்குப் பசளை. கடையில் வாங்கிய உரம் ஒரு பிடிகூட அந்த மண்ணில் விழவில்லை.

மீன் கழிவு மட்டும் விழுந்தது. அங்கேதான் பிலோமினா வருகிறாள்.

கருவாட்டுக்காரி

பிலோமினா பக்கத்து மீன்பிடிக் கிராமமான கண்டக்குழியைச் சேர்ந்தவள். புருஷன் செபஸ்தியானுக்குச் சொந்தமாக ஒரு படகு இருந்தது. அவன் பிடித்து வரும் மீனில் விற்காததை அவள் கீறி உப்பிட்டுக் கருவாடாக்குவாள். கண்டக்குழியிலிருந்து எங்களோடு சேர்ந்த நான்கு பெண்களில் ஒருத்தி. முதல் நாளே இரண்டு வாளி மீன்குடலோடு வந்து இறங்கினாள். நான் முந்தானையால் மூக்கைப் பொத்தினேன்.

"டீச்சர், மூக்கப் பொத்தினாக் கத்தரி காய்க்காது," என்றாள்.

"வாயைப் பொத்தினாலும் காய்க்கும்," என்றேன்.

அங்கே தொடங்கியது. அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. தான் ஒரு மாதம் மூத்தவள் என்று சொல்லிக்கொள்வாள். ஊர் முழுக்க என்னை டீச்சர் என்று கூப்பிட, அவள் மட்டும் இரண்டாம் கிழமையே நூரியா என்றாள். ஒரு மாதத்தில் அதுவும் நூரி ஆகிவிட்டது. என் உம்மா இறந்த பிறகு அந்தப் பெயரால் என்னை யாரும் கூப்பிட்டதில்லை.

முதலில் தண்ணீரை ருசி பார்க்கும் வேலையை ஆளுக்கொரு நாள் செய்தோம். நோன்பு வந்தபோது வாய் நிறையத் தண்ணீர் வைக்க எங்களுக்குத் தயக்கமாக இருந்தது. "நான் பாக்கிறன்," என்றாள் பிலோமினா. அந்த மாதம் முடிவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அவளுடைய நாக்கு வேறு நாக்கு என்று. எங்களுக்கு இனிக்கும் தண்ணீரில் அவள் நாளைய உப்பைக் கண்டுபிடித்தாள். இரண்டு விரல் காட்டுவாள். நாங்கள் முணுமுணுப்போம். மறுநாள் பார்த்தால் எங்கள் நாக்கே சொல்லும், அவள் சொன்னது சரியென்று. இருபது வருஷம் கருவாட்டுக்கு உப்புப் பார்த்த நாக்கு. பெருநாளுக்குப் பிறகும் அந்த வேலை அவளிடமே நின்றுவிட்டது.

ஒன்றை நான் கவனித்தேன். தோட்டத்தில் எவ்வளவு தாகமெடுத்தாலும் அவள் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க மாட்டாள். வீட்டிலிருந்து ஒரு போத்தலில் கொண்டு வருவாள். ருசி பார்த்த தண்ணீரில் ஒரு சொட்டையும் விழுங்க மாட்டாள்.

"ஏன், பள்ளிக் காணித் தண்ணி உங்கட வேதக்காரருக்கு ஆகாதோ?" என்று ஒரு நாள் சீண்டினேன்.

"விசரி. குடிச்சா நாக்குப் பழகிடும். பழகின நாக்கு உப்பச் சொல்லாது நூரி."

அவள் துப்பும் இடத்தில் தானாக முளைத்த ஒரு பூசணி, யாரும் கவனிக்காமலே காய்த்துத் தள்ளியது. எச்சில் பூசணி என்று சொல்லி யாரும் அதைத் தொடவில்லை. அவளே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவாள். "என்ட எச்சில், என்ட பூசணி, உங்களுக்கென்ன?" என்பாள்.

நோன்பு நாட்களில் பின்னேரம் பள்ளிவாசல் கஞ்சியில் ஒரு தூக்குச்சட்டி அவளுக்கென்று நான் எடுத்து வைப்பேன். அவள் என் வீட்டுக்கு வந்து கதிரையில் உட்கார்ந்து சட்டியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். பாங்கு சொல்லும் வரை மூடியைத் திறக்க மாட்டாள்.

"நீ ஏன் பார்த்துக்கொண்டு இருக்கிறாய்? உனக்கா நோன்பு?" என்பேன்.

"நீ திறக்காம நான் எப்பிடித் திறக்கிற?" என்பாள்.

என் மாப்பிள்ளை மௌத்தாகி நான் விதவையாகி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் கடல் தாண்டி இருந்தார்கள். எனக்காகக் காத்திருந்து வாய் வைத்த மனிதர் அந்த வீட்டில் அவள்தான். இதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

படகு போன வழி

கச்சான் காலத்தில் எங்கள் பக்கத்துக் கடல் கொந்தளிக்கும். அந்தக் காலத்தில் முன்னெல்லாம் படகுகள் முல்லைத்தீவுப் பக்கம் போய்க் கரையில் வாடி போட்டுத் தங்கித் தொழில் செய்யும். யுத்தம் அந்த வழியை அடைத்து வைத்திருந்தது. யுத்தம் முடிந்து வழி திறந்ததை எல்லோரும் கொண்டாடினார்கள். நானும் கொண்டாடினேன். அந்த வழி யாரைக் கூட்டிக்கொண்டு போகும் என்று அப்போது யோசிக்கவில்லை.

முதல் வருஷம் செபஸ்தியானும் மகனும் போனார்கள். இரண்டாம் வருஷம் வாடியில் சமைக்கவும் கருவாடு போடவும் அவளையும் கூட்டிக்கொண்டு போக முடிவு செய்தார்கள். நோன்புக்கு ஒரு கிழமை இருந்தது. கூட்டிப்போக வந்த வான் வாசலில் நிற்க, அவள் தோட்டத்துக்கு வந்து கடைசியாக ஒரு முறை தண்ணீரை ருசி பார்த்தாள். துப்பினாள். ஐந்து விரல் காட்டினாள்.

"இனி நீ பாரு நூரி. உன்ட நாக்கும் நல்ல நாக்குத்தான். வாயாடுற நேரம் தவிர."

"எப்போ வருவாய்?"

"வாடக் காத்து விழ வந்துருவன். மூணு மாசம். நீ தண்ணியக் குடிச்சிடாத, என்ன?"

சரி என்றேன். வான் போன பிறகு கிணற்றடியில் வெகுநேரம் நின்றேன். வெயில் ஏறியது. வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன். தாகமாக இருந்தது, வேறொன்றுமில்லை என்று அன்றைக்கு என்னிடமே சொல்லிக்கொண்டேன்.

பன்னிரண்டு நாள்

நோன்பு தொடங்கியது. கண்டக்குழிப் பெண்களில் இரண்டு பேர் பிலோமினாவோடு போயிருந்தார்கள். மீதி இருந்தவள் லூசியா. "நான் பாக்கவா டீச்சர்?" என்று முதல் நாளே கேட்டாள். நல்ல பெண்.

"வெற்றிலை போடுகிற நாக்குக்கு என்ன தெரியும்?" என்றேன். அவள் முகம் சுருங்கிப் போனது.

எங்களோடு பரீதா என்றொருத்தி இருந்தாள். இரண்டு பிள்ளைகளின் தாய். துடியானவள். "டீச்சர், ஹஸ்ரத்துக்கிட்ட ஒருக்காக் கேட்டுப் பாப்பமே. நோன்போட ருசி பாக்கலாமா எண்டு," என்றாள்.

"நோன்பாளி வாயில் தண்ணீரா? இதையெல்லாம் போய்க் கேட்பார்களா? கிணறு நன்றாகத்தான் இருக்கிறது, ஊற்றுங்கள்," என்றேன். டீச்சர் சொன்னால் மறுபேச்சு ஏது? ஊற்றினார்கள்.

பன்னிரண்டு நாள் ஊற்றினார்கள். காற்று உலர்த்த உலர்த்த ஒரு பூவாளிக்கு இரண்டு பூவாளி. பதின்மூன்றாம் நாள் காலை பயித்தங்கொடியில் இலை ஓரமெல்லாம் நெருப்புச் சுட்டது போலக் கருகியிருந்தது. பரீதா ஓர் இலையைப் பறித்து என் உள்ளங்கையில் வைத்தாள். லூசியா வாளியில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள், காறித் துப்பினாள். "கடல்," என்றாள்.

உறைப்புக்கு நட்ட கொச்சிக்காயும் போஞ்சியும் அந்தக் கிழமையே போயின. மட்டைக்குள் உப்பு இறங்கிவிட்டால் மழைதான் கழுவ வேண்டும். பதினைந்து வீட்டுச் சட்டி அந்த மாதம் மறுபடியும் லொறிக்காரன் கழித்ததை நம்பியிருந்தது.

பள்ளிவாசலுக்குப் போய் ஹஸ்ரத்திடம் நானே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஆச்சரியப்பட்டார்.

"டீச்சர், நோன்புல கறி ஆக்குறல்லயா நீங்க? உப்புப் பாக்குறல்லயா?"

"பார்க்கிறதுதான்."

"நாக்கு நுனியில வெச்சிப் பாத்துத் துப்புற. தேவைக்குச் செய்யலாம், நோன்பு முறியிறல்ல. உங்களுக்குத் தெரியாதா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து தெரியும். அடுப்பங்கரையில் நின்ற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். ஆனால் அந்த இடத்தில் நானும் போய் நிற்கக் கூடாது, லூசியாவும் நிற்கக் கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம். பிலோமினா நின்ற இடம் காலியாகவே இருக்க வேண்டும். அவள் இல்லாமல் ஒன்றும் ஆகாது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். அதற்கு நான் நோன்பைச் சாட்டாகப் பிடித்துக்கொண்டேன். அல்லாஹ் மன்னிப்பான். பயித்தங்கொடி மன்னிக்கவில்லை.

ஜமாஅத் காணியை எடுக்காமல் இன்னொரு தவணை தந்தது. கிணற்றை மூடினோம். மழை வந்து கழுவியது. லூசியாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல டீச்சர், நான் வெத்தில போடுறதுதானே," என்றாள். மற்றப் பெண்கள் கூடிப் பேசி, இனி டீச்சரே ருசி பார்க்கட்டும் என்றார்கள். எனக்குத் தண்டனையாகச் சொன்னார்களா, மரியாதையாகச் சொன்னார்களா என்று இன்றும் தெரியாது.

வாடைக்காற்று விழுந்தது. படகு வந்தது. பிலோமினா வரவில்லை. மகன் அங்கேயே பெண் எடுத்துவிட்டான். கலியாணம், அதற்குப் பிறகு பேரப்பிள்ளை, பிறகு இன்னொன்று.

பீட்ரூட்டின் பெருமை

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்து தொலைபேசி எடுப்பாள். சுகம் கேட்கும் முன்னால் அதைத்தான் கேட்பாள்.

"தண்ணி எப்பிடி நூரி?"

"இனிக்கிறது."

"நீ குடிக்கிறல்லயே?"

"சேச்சே."

குடித்துக்கொண்டுதான் இருந்தேன். வீட்டிலிருந்து போத்தல் கொண்டுபோக மறந்துவிடும். பிறகு மறப்பதே வழக்கமாகிவிட்டது. எங்கள் கையால் மீட்டெடுத்த கிணறு, அதைக் குடிக்காமல் வேறு எதைக் குடிப்பது என்று ஒரு பெருமையும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு காலையும் அவள் நின்ற இடத்தில் நின்று, வாயில் வைத்து, துப்பி, ஐந்து விரல் காட்டுவேன். என்னைப் பார்த்து மற்றவர்களும் அதையே குடித்தார்கள்.

வருஷங்கள் போயின. சுற்றிலும் காணிகளில் மோட்டார்கள் கூடின. எங்கள் பயித்தை முன்போலக் கொடி ஏறவில்லை. விதை சரியில்லை என்றேன். கொச்சிக்காய் பூத்துப் பூத்துக் கொட்டியது. காற்று கூடிவிட்டது என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! ஆனால் பீட்ரூட் மட்டும் கன்னங்கரேலென்று இலை விட்டுக் கை நிறையக் கிழங்கு வைத்தது. அதனால் பீட்ரூட்டைக் கூட்டிக்கொண்டே போனோம். தொலைவில் முந்தலில் இருந்துகூட ஆட்கள் வந்து பார்த்தார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காட்டினேன்.

பீட்ரூட் உப்புக்கு அஞ்சாத பயிர். அதையும் அந்தப் போதனாசிரியை முதல் வருஷமே சொல்லியிருந்தாள். நான் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். படிப்பித்தவளுக்குத் தான் எழுதியதைத் திருப்பிப் படிக்கும் பழக்கம் இல்லை.

திருவிழாவுக்கு வந்தவள்

நோன்பு வருஷத்துக்குப் பத்து நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். பிலோமினாவின் ஆட்கள் கூடும் தலவில் தேவாலயத் திருவிழா அசையாது. ஒரு காலத்தில் இரண்டும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வந்தன. அவள் வந்த வருஷம் நோன்பு முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது.

சொல்லாமல் வந்தாள். ஆட்டோ வேலியோரம் நின்றது. திருவிழாச் சேலையோடு, காலில் நல்ல செருப்போடு, மணலில் தட்டுத்தடுமாறி வந்தாள். தலை முழுவதும் நரைத்திருந்தது. நான் பூவாளியைக் கீழே போட்டேன். அது என் கால் பெருவிரலில் விழுந்தது. வலி மறுநாள்தான் தெரிந்தது.

கட்டிப்பிடித்து முடிந்ததும் அவள் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"பயித்த எங்க நூரி?"

"விதை சரியில்லை."

"கொச்சிக்கா?"

"காற்று."

"ம்." அவள் பீட்ரூட் பாத்திகளைப் பார்த்தாள், ஒன்றிலிருந்து மற்றதுக்கு. பிறகு சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். பெண்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே கூடிவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவளை நேரில் தெரியாது, கதையால் தெரியும். அவள் வாளியைப் போட்டாள். மெதுவாக, தண்ணீரைக் கலக்காமல் மேலால் அள்ளினாள். வாய் நிறைய எடுத்தாள்.

ஒரு கை இடுப்பில். கண் மூடியிருந்தது. கன்னத்திலிருந்து கன்னத்துக்கு.

இத்தனை வருஷமாக நான் பார்க்க ஏங்கியது இதைத்தான். அந்த ஒரு நிமிஷம் ஒன்றும் மாறவில்லை என்றே நினைத்தேன். வான் வரவில்லை, படகு போகவில்லை, பின்னேரம் கஞ்சி இருக்கிறது.

அவள் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். துப்புவதற்குத் தோளைத் திருப்பவில்லை.

விழுங்கினாள்.

தொண்டை அசைந்ததை நான் கண்டேன். "நல்ல தண்ணி," என்றாள். "டீச்சர் நல்லாப் பாத்து வெச்சிரிக்கிறா."

எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. நூரி என்று சொல்லவில்லை, டீச்சர் என்றாள். ஒரு நாளும் விழுங்காதவள் விழுங்கினாள்.

ஆட்டோ வரை நான் அவளோடு நடந்தேன். வேலி மறைத்த இடத்தில் நின்று, "எத்தனை விரல், பிலோமினா?" என்று கேட்டேன்.

அவள் என் வலது கையைப் பிடித்தாள். என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், சுட்டு விரல், கடைசியில் பெருவிரல். பொத்திய கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"குடிச்சிட்டாய், என்ன?" என்றாள்.

ஓம் என்றேன். அழுதேன். அவளும் அழுதாள். ஆட்டோக்காரர் நாகரிகமான மனிதர், கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அங்க வாடியில ஒரு கிணறு இரிக்கி. நானும் அதத்தான் குடிக்கிறன்," என்றாள் ஏறும்போது. "என்ட நாக்கும் முந்தின நாக்கு இல்ல நூரி. இந்தக் கெட்ட நாக்குக்கே இது உப்பாத் தெரியிது. பாத்துக்க."

மறுநாள் காலை எல்லோரும் வருவதற்கு முன் நான் போய்க் கிணற்றுக்கு மூடி போட்டேன். அவர்கள் வந்ததும் பொத்திய கையை உயர்த்திக் காட்டினேன். என் நாக்குக் கெட்டுவிட்டது, இரண்டு வருஷமாக உங்களுக்கு உப்பை ஊற்றக் கொடுத்திருக்கிறேன் என்று நானே சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. பரீதா மட்டும் வந்து என் கையைப் பிடித்து இறக்கினாள்.

ஹஸ்ரத்திடமும் போனேன். நாங்களே மூடிவிட்டோம் என்பதால் காணியை எடுக்கவில்லை. பாத்திகளைப் பாதியாகக் குறைத்தோம். மாரி வந்தது. அந்த வருஷம் நல்ல மாரி. இப்போது பரீதாவும் லூசியாவும் மாறி மாறி ருசி பார்க்கிறார்கள். லூசியா வெற்றிலையை விட்டுவிட்டாள். இருவரும் போத்தலில் வீட்டுத் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். நானும் கொண்டுபோகிறேன். பயித்தை மறுபடியும் கொடி ஏறுகிறது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். எனக்காக ஒரு வாய் உப்பை விழுங்கியவளை எதுவரை நினைப்பது?

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி வருகிறது. "தண்ணி எப்பிடி நூரி?" என்கிறாள். தெரியாது, பரீதா ஐந்து விரல் காட்டினாள் என்கிறேன். பின்னேரங்களில், நோன்பு வரும்போது, தூக்குச்சட்டி ஒன்றை எடுத்து அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் வைக்கிறேன். பாங்கு சொல்கிறது. அதைத் திறக்கக் கொஞ்ச நேரம் பிந்திவிடுகிறது.